ஏற்கெனவே இரைச்சல்தானே!

மோட்டார் சைக்கிளில் தூர தேசம் சுற்றுகிறவர்கள்மீது எனக்கு எந்த விரோதமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மூன்றாவது வரியிலேயே எனக்குச் 'சாய்வு நாற்காலிக் கிழவர்' என்று பட்டம் சூட்டிவிட்டு வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பின்புறம் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு, நெல்லூருக்கோ ஹம்பிக்கோ லடாக்குக்கோ புறப்பட்டுவிடுகிற வாலிபர்களைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமைதான் உண்டாகிறது. ஊரை விட்டு நகராதவனுக்கு ஊரின் அருமையும் தெரியாது, அழுக்கும் தெரியாது. போகட்டும், நன்றாகச் சுற்றட்டும்.

இந்த விஷயத்தில் வடசென்னைக்குத் தனிப் பாத்தியதையே உண்டு. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் நம் ஊர் மதராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வை ஆரம்பித்தபோது, அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில்தான் எழுந்தது. ராணுவத்துக்கு என்று வந்த புல்லட், பிறகு போலீஸ்காரரிடம் போயிற்று, பண்ணையாரிடம் போயிற்று, கடைசியில் வாலிபர்களிடம் வந்து சேர்ந்தது. சீமையில் தாய்க் கம்பெனி மூடிப் போன பின்பும் புல்லட் இங்கே பிறந்துகொண்டே இருந்தது. 2013-ல் ஒரகடத்தில் பெரிய தொழிற்சாலை வந்துவிட்டது, வாஸ்தவம். ஆனாலும் அந்த வண்டியின் ஜாதகத்தை எடுத்துப் பார்த்தால், பிறந்த இடம் என்கிற கட்டத்தில் பட்டினத்தார் சமாதி கொண்ட ஊரின் பெயர்தான் இருக்கும். தெருக்கோடியில் வரும்போதே 'டக் டக்' ஓசையை வைத்து 'வருவது புல்லட்' என்று சொல்லிவிடுகிற காதுகள் எங்கள் பகுதியில் ஏராளம்.

ஆகவே வண்டியோடு எனக்குச் சண்டை கிடையாது. வண்டியின் முன்புறத்தில் மாட்டிக்கொண்டு வருகிறார்களே, அந்த ஜோடி ஒலிபெருக்கிகளோடுதான் சண்டை. அதைவிட, அவற்றை மேலும் மேலும் பெரிதாக்கிக்கொண்டே போகிற அந்தத் தீராத பசியோடு.

இந்தப் பழக்கம் வந்த வழியைச் சற்றுப் பார்க்கலாம். நெடும்பயண வண்டியில் பாட்டுப் பெட்டி வைக்கிற வழக்கம் அமெரிக்கச் சாலைகளுக்கு ஏற்பட்டது. ஜப்பானிய ஹோண்டா கம்பெனி தன் 'கோல்டு விங்' வண்டிக்கு 1980-ல் காற்றை மறைக்கும் பெரிய முகப்பை மாட்டி, வேண்டுகிறவர்களுக்கு ஸ்டீரியோவும் வைத்துக் கொடுத்தது. ஹார்லி டேவிட்சனின் பெரிய வண்டிகளிலும் இன்று முகப்பிலேயே ஒலிபெருக்கிகள் உண்டு. மைல் கணக்கில் மனித வாடையே இல்லாத சாலைகள். கார் அளவுக்குக் கனக்கிற வண்டி. காற்றைத் தடுக்கிற முகப்பு. இத்தனையும் சேர்ந்த இடத்தில் பிறந்த சௌகரியம் அது. நம் ஊர் வாலிபனிடம் இருப்பது முகப்பில்லாத வண்டி. ஹிமாலயனோ புல்லட்டோ தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதில் ஒலிபெருக்கி கிடையாது. இவன்தான் கடைக்குப் போகிறான்.

முதலில் கைப்பிடியில் மாட்டுகிற சின்ன ஜோடி ஒன்று. ஊருக்குள் கணீரென்று கேட்கிறது. கும்மிடிப்பூண்டி தாண்டி வண்டி எண்பதைத் தொட்டதும் பாட்டைக் காணோம். ஊர் திரும்பியதும் பெரிய ஜோடி மாட்டுகிறான். அதற்குச் சக்தி போதவில்லை என்று ஸீட்டுக்கு அடியில் ஓர் ஆம்ப்ளிஃபயர். நூறைத் தொட்டதும் அதுவும் தோற்றுப் போகிறது. உடனே அதைவிடப் பெரிய ஆம்ப்ளிஃபயர். அதற்காகக் கனமான ஒயர். பாட்டரியும் பெரிதாக வேண்டும். இந்தப் பரமபத விளையாட்டில் ஏணி முழுவதும் கடைக்காரருக்கு. பாம்பு முழுவதும் இவனுக்கு.

இதைச் செய்கிறவர்களிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். மரியாதையான பிள்ளைகள். அவர்கள் சொல்கிற சமாதானங்கள் மூன்று. ஒன்று: "நீண்ட பயணத்தில் பாட்டு இருந்தால் அலுப்புத் தெரியாது சார்." இரண்டு: "என் காசு, என் வண்டி." மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்: "இங்க ஏற்கெனவே இரைச்சல்தானே சார்? நம்ம பாட்டு ஒண்ணுதான் ஜாஸ்தியாப் பூடுச்சா?"

மூன்றையும் வரிசையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அலுப்பு. ஓடுகிற மோட்டார் சைக்கிளில் பாட்டுக்கு எதிரி எஞ்சின் அல்ல, காற்று. 1990-களில் இங்கிலாந்தில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஹெல்மெட் அணிந்தவரின் காதருகில் 60 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 90 டெசிபல். 160-ல் சுமார் 110. நம் சாலையில் எண்பதிலும் நூறிலும் போகிறவனின் காதில் விழுவது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டுமானால் அது காற்றையும் மிஞ்ச வேண்டும். சட்டப்படியும் புத்திப்படியும் தலையில் ஹெல்மெட் இருக்கிறது. அதாவது, காதை மூடிக்கொண்டு, மூடிய காதுக்குக் கேட்பதற்காக வெளியே ஒலிபெருக்கி வைத்துக் கத்தவிடுகிறான். கதவைத் தாழிட்டுவிட்டு உள்ளே இருக்கிறவர் காதில் விழட்டும் என்று தெருவில் நின்று கூச்சல் போடுகிற காரியம் இது.

டெசிபல் என்கிற கணக்கு சாதாரணக் கணக்கு அல்ல என்பதையும் கடையில் யாரும் சொல்வதில்லை. சக்தியை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு 'இரண்டு மடங்கு' என்று தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும்; அதற்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும். 20 வாட் இருந்த இடத்தில் 200 வாட். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 200 வாட்டை முழுசாக இழுத்தால் பதினாறு, பதினேழு ஆம்பியர். ஹெட்லைட்டுக்கும் ஸ்டார்ட்டருக்கும் என்று வைத்த பாட்டரி அது. ஃப்யூஸ் இல்லாமல் இழுத்த ஒயர் சூடேறி வண்டியையே எரித்துவிடலாம். ஆனால் அட்டைப் பெட்டியின்மேல் '1000 வாட்' என்று பொன்னெழுத்தில் போட்டிருக்கிறதே என்பீர்கள். நொடியில் ஒரு பங்கு நேரம் தாங்குகிற உச்சத்தை எழுதிவிட்டு, தொடர்ந்து தருகிற சக்தியை மறைக்கிற பழைய தந்திரம் அது. முன்பு டேப் ரிகார்டர் பெட்டிகளின்மேல் 'பி.எம்.பி.ஓ.' என்று எழுதி நம்மை ஏமாற்றியவர்களின் வாரிசுகள் இப்போது மோட்டார் சைக்கிள் உபகரணம் விற்கிறார்கள்.

சரி, காற்றை ஜெயித்தே விட்டான் என்று வைத்துக்கொள்வோம். காதில் 100 டெசிபல். நம் தொழிற்சாலை விதிகளில் ஓர் அட்டவணை உண்டு. 90 டெசிபல் இரைச்சலில் ஒரு தொழிலாளி எட்டு மணி நேரம் நிற்கலாம். 100 ஆனால் இரண்டு மணி நேரம். 105-க்கு ஒரு மணி. 110-க்கு அரை மணி. அதற்குமேல் நிற்கவைத்தால் முதலாளி குற்றவாளி. வடசென்னையிலிருந்து நெல்லூர் போய்ச் சேர மூன்று மணி நேரமாவது ஆகும். கொதிகலன் அருகில் நிற்கும் தொழிலாளிக்கு எந்த முதலாளியும் சட்டப்படி செய்யக் கூடாத காரியத்தை, இவன் தன் சொந்தக் காசில், ஞாயிற்றுக்கிழமையில், தனக்குத்தானே செய்துகொள்கிறான். உள்காதில் ஒலியை வாங்கிக்கொள்கிற மயிரிழைச் செல்கள் சுமார் பதினையாயிரம்தான். செத்தால் செத்ததுதான், மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. மூன்று மணி நேரம் கழித்து இறங்குகிறவனின் காதில் 'கொய்ங்' என்று ஒரு சப்தம் இருக்குமே, அது பயணத்தின் சுகம் அல்ல; காது போடுகிற ஓலம்.

நிற்க. இவன் தன் காதைக் கெடுத்துக்கொண்டால் உனக்கென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கேதான் இரண்டாவது சமாதானம் வருகிறது: என் காசு, என் வண்டி.

வண்டி அவனுடையதுதான். வண்டியை விட்டு வெளியேறிய ஒலி யாருடையது? ஒலி அளவை அவன் திருகி வைத்தது நெடுஞ்சாலைக் காற்றுக்காக. சுங்கச்சாவடி தாண்டி, மாதவரம் தாண்டி, ஊருக்குள் நுழைகிறான். சிக்னலில் வண்டி நிற்கிறது. காற்று நின்றுவிட்டது, திருகு மட்டும் அப்படியே இருக்கிறது. விலை உயர்ந்த வெளிநாட்டு வண்டிகளில் வேகம் குறைந்தால் ஒலியும் தானே குறைகிற ஏற்பாடு உண்டு. நம் தெருமுனைக் கடையில் மாட்டியதற்கு அந்த விவேகம் கிடையாது. ஓட்டுகிறவன் குறைப்பான் என்றும் எதிர்பார்க்க முடியாது. மூன்று மணி நேர இரைச்சலில் மரத்துப் போன காதுக்கு அது குறைவாகவே கேட்கும். போகப் போக ஏற்றினாலும் ஏற்றுவான். புயலுக்காக மூட்டிய அடுப்பைக் கூரைக்குள் கொண்டுவந்து வைத்தால் எப்படியிருக்கும், அப்படியிருக்கிறது இது.

ஒரு கணக்குப் போடுங்கள். அவன் காதிலிருந்து இரண்டரை அடியில் ஒலிபெருக்கி. அங்கே 100 டெசிபல். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும். ஐந்து அடியில் 94. பத்து அடியில் 88. இருபது அடியில் 82. ராயபுரத்துச் சந்துகளில் வாசற்படிக்கும் வண்டிக்கும் இடையே பத்தடி இருந்தால் அது ராஜபாட்டை! இரு பக்கத்துச் சுவர்களும் ஒலியைத் திருப்பி அடிப்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்றால் பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை. பயணக்காரர்கள் வெயிலுக்கு முந்தி நாலு மணிக்குக் கிளம்புவதை 'விடியற்காலை' என்று சொல்லிக்கொள்கிறார்கள். சட்டத்தில் அது நள்ளிரவுக்குச் சமானம். அந்த அளவுகள் சராசரி அளவுகள் என்று சட்டம் தெரிந்த யாராவது குறுக்கிடலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூளியில் கிடக்கும் குழந்தை சராசரியைக் கேட்டு அழுவதில்லை.

மருத்துவமனையைச் சுற்றி நூறு மீட்டருக்கு அமைதிப் பகுதி என்கின்றன அதே விதிகள். அங்கே இரவில் 40 டெசிபல். ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ மருத்துவமனை இருக்கிறது. ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. பிள்ளை பெற்றுவிட்டு அப்போதுதான் கண் அயர்ந்தவளின் ஜன்னலுக்குக் கீழே போகிற பாட்டு எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தால் என்ன? பொது இடத்தில் ஒலிபெருக்கி வைப்பதற்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். மேடை போடுகிற கட்சிக்காரர் வாங்குகிறார். கூழ் ஊற்றுகிற தெருக்காரர் வாங்குகிறார். சக்கரம் இருக்கிற ஒரே காரணத்தால் இவனுக்கு மட்டும் அனுமதி வேண்டாமா?

2005 ஜூலை 18-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் இந்த விஷயத்தில் விரிவான தீர்ப்பு ஒன்று அளித்தது. பேசுவதற்கு உரிமை உண்டு, ஆனால் ஒலிபெருக்கியால் அதைப் பெருக்கி மற்றவர் காதில் திணிப்பதற்கு அடிப்படை உரிமை கிடையாது என்பது அதன் சாரம். கேட்க விரும்பாதவனுக்கும் உரிமை இருக்கிறது. பேசுகிறவனுக்கு வாயை மூட முடியும். கேட்கிறவனுக்குக் காதை மூட முடியாது. ஆகவே பொறுப்பு வாய் உள்ளவனுடையது. இதைப் புரிந்துகொள்ள வக்கீல் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருந்தால் போதும்.

இனி மூன்றாவது சமாதானம். உண்மையில் இதற்காகத்தான் நான் பேனாவைக் கையில் எடுத்தேன். 'இங்கே ஏற்கெனவே இரைச்சல்தானே?'

ஆம், இரைச்சல்தான். துறைமுகத்துக்குப் போகிற கன்டெயினர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் மைல் கணக்கில் வரிசை கட்டி உறுமுகின்றன. காசிமேட்டில் விசைப்படகுகளின் டீசல் எஞ்சின்கள். சரக்கு ரயில்கள். பட்டறைகள். சம்மட்டி. இந்தப் பகுதியில் கூப்பிட்டால் முதல் தடவை திரும்பாமல் இரண்டாம் தடவை திரும்புகிற மனிதர்கள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அவர்கள் யாரும் சங்கீதம் கேட்டுச் செவிடானவர்கள் அல்லர், சோற்றுக்காகச் செவிடானவர்கள். இரைச்சலால் ஏற்படும் செவிட்டுத்தனத்தை 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருந்தது. தொழிலாளி நஷ்டஈட்டுச் சட்டமும் சேர்த்திருந்தது. அந்தக் காதுகளில் மிச்சமிருப்பதையும் பறித்துக்கொள்ள அவர்களுடைய பிள்ளைகளே வருகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் பகல் என்றால் பகல், இரவு என்றால் இரவு. இங்கே அப்படியில்லை. மூன்று ஷிப்டு ஓடுகிற ஆலைகள். பின்னிரவில் கூடுகிற மீன் சந்தை. இரவெல்லாம் ஸ்டியரிங் பிடித்த லாரிக்காரர். காலை பத்து மணிக்கு நீங்கள் எந்தத் தெருவில் நுழைந்தாலும், ஏதோ ஒரு வீட்டில் சேலையால் ஜன்னலை மறைத்துக்கொண்டு ஒருவன் தூங்குகிறான். அவனுடைய இரவு அது. சட்டப் புத்தகத்துக்கு அந்த இரவு தெரியாது. அடுத்த வீட்டுக்காரனுக்குத் தெரிய வேண்டாமா?

காது என்பது எங்கள் பகுதியில் பாட்டுக் கேட்கிற உறுப்பு மட்டுமல்ல. உயிரைக் காக்கிற உறுப்பு. 2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவில், எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் ஜனங்கள் மூச்சுத் திணறி, ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு இருந்த அபாய அறிவிப்பு எது? பக்கத்து வீட்டுக் குரலும், கதவைத் தட்டுகிற சப்தமும்தான். அப்படிப்பட்ட இடத்தில் வசிக்கிறவன் ஊரில் உள்ள அத்தனை பேரைவிடவும் தன் காதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியவன்.

இப்போது 'ஏற்கெனவே இரைச்சல்தானே' என்கிற அந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இதை எங்கேயோ கேட்டிருக்கிறோம் என்று தோன்றவில்லையா? 1969-ல் மணலிக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு வந்தது. 1970-ல் எண்ணூருக்கு அனல் மின்நிலையம் வந்தது. அதற்குப் பிறகு அத்திப்பட்டில் ஒன்று, வல்லூரில் ஒன்று. 2001-ல் நிலக்கரி இறக்க ஒரு புதுத் துறைமுகம். சாம்பல் கொசஸ்தலையாற்றில் கலந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. ஒவ்வொரு தடவையும் கோப்பில் என்ன எழுதினார்களோ, அதை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த முடிவுகளுக்கெல்லாம் அடியில் ஓடிய எண்ணம் ஒன்றுதான்: 'அங்கே ஏற்கெனவே புகைதானே? இன்னொன்று வந்தால் என்ன?'

தம்பி, அந்த வாக்கியம் உன்னுடையது அல்ல. உன் தாத்தாவின் நுரையீரலைக் கெடுத்தவர்கள் உண்டாக்கிய வாக்கியம் அது. அதை உன் வாயிலிருந்து கேட்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. தொழிற்பேட்டை என்று வரைபடத்தில் வண்ணம் பூசிவிட்டால், பகலில் 75 டெசிபல் வரை சரி என்கிறது சட்டம். குடியிருப்புக்கு 55. எங்கள் காதுகளுக்கு மட்டும் இருபது டெசிபல் மலிவு விலை போட்டிருக்கிறார்கள். அந்த மலிவு விலையை எதிர்த்துக் கேட்க வேண்டிய நீ, அதை ஒரு சலுகை என்று நினைத்து அனுபவித்துக்கொண்டிருக்கிறாய். இதே பாட்டை இதே அளவில் வைத்துக்கொண்டு போட் கிளப் சாலையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வா, பார்க்கலாம். முதல் திருப்பத்திலேயே உன்னை நிறுத்திவிடுவார்கள். இங்கே யாரும் நிறுத்துவதில்லை. அதை நீ சுதந்திரம் என்று நினைக்கிறாய். அது சுதந்திரம் அல்ல. உன்னையும் உன் தெருவையும் யாரும் மதிக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி.

இந்த வாதம் கோர்ட்டு வரையிலும் போய்த் தோற்ற வாதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய கே.கே.ஆர். நகரில் ஒரு ஜெப சபை ஒலிபெருக்கியும் டிரம்மும் வைத்து ஜெபித்தது. பக்கத்துக் குடியிருப்புச் சங்கத்தார் வழக்குப் போட்டார்கள். இரைச்சல் சாலையில் ஓடுகிற வாகனங்களால்தான் என்கிற பேச்சு அங்கேயும் எழுந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. பிறருடைய நிம்மதியைக் கெடுத்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை; ஒலிபெருக்கி வைத்தே ஆக வேண்டும் என்றும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்ட் 30-ஆம் தேதி தீர்ப்பாயிற்று. கடவுளுக்கே இல்லாத சலுகை சினிமாப் பாட்டுக்கு எங்கிருந்து வரும்?

"அப்படியானால் எங்கள் கானா? எங்கள் திருவிழா? சாவு மேளம்? அவற்றையும் மூடச் சொல்கிறீரா?" என்று ஒரு குரல் வரும். வடசென்னையின் சந்தோஷத்தைக் கண்டு முகம் சுளிக்கிறவன் என்று என்னை ஒரு பக்கமாக ஒதுக்கிவிடச் சௌகரியமான கேள்வி. பதில் சொல்கிறேன். சாவு வீட்டுத் திண்ணையில் பிறந்த கானாவுக்கு ஆதியில் என்ன வாத்தியம் இருந்தது? கைக்குக் கிடைத்த பலகை, டப்பா, அடிக்கிற விரல். அந்தக் குரல் ஆட்களைக் கூட்டியது, சுற்றி உட்காரவைத்தது, அழுதவனைத் தேற்றியது. ஆடி மாதத்துக் குழாய் ஒலிபெருக்கியும் எனக்குப் பிடித்தமான பொருள் அல்ல. அதையும் பத்து மணிக்கு நிறுத்தத்தான் வேண்டும். ஆனாலும் அந்தச் சப்தத்துக்கு ஒரு முகவரி உண்டு. இன்ன கோயில், இன்ன தெரு, இன்னார் வீடு. தொல்லை பொறுக்கவில்லை என்றால் எழுந்து போய், "ஏம்பா, வீட்ல ஒடம்பு சரியில்ல, கொஞ்சம் கம்மி பண்ணு" என்று சொல்லலாம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் குறைத்துவிடுவார்கள். நாளைக்கும் நம் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள் அவர்கள். மோட்டார் சைக்கிளின் சப்தத்துக்கு முகவரி கிடையாது. நீங்கள் வாசலுக்கு வருவதற்குள் அவன் அடுத்த தெருவை எழுப்பிக்கொண்டிருப்பான். சொல்லவும் இடமில்லாமல், கேட்கவும் ஆளில்லாமல் ஒருவன்மீது வந்து விழுகிற சப்தத்துக்குச் சங்கீதம் என்று பெயர் இல்லை.

வெறுமனே திட்டிவிட்டுப் போவது என் நோக்கமல்ல. செய்யக் கூடிய காரியங்கள் இருக்கின்றன. எல்லாம் ஆம்ப்ளிஃபயரைவிட மலிவு. மருந்துக் கடையில் சில ரூபாய்க்கு நுரையினால் ஆன காதடைப்பான் விற்கிறது. ஹெல்மெட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டு போனால் காற்றின் இரைச்சல் அடங்கும். பின்னால் வருகிற லாரியின் ஹாரன் அப்போதும் கேட்கும். நாள் முழுவதும் ஓட்டினாலும் மண்டை கனக்காது. அலுப்பைப் போக்குகிற மருந்து அதுதான். தலைக்குச் சரியாகப் பொருந்துகிற ஹெல்மெட் ஒன்றும், காற்றை மறைக்கிற முன்கண்ணாடி ஒன்றும் வாங்குகிறவன், ஒலிபெருக்கியை இருமடங்காக்குகிறவனைவிட அதிகம் சம்பாதிக்கிறான். தூக்கம் வந்தால் வண்டியை நிறுத்தித் தூங்க வேண்டும். பாட்டுப் போட்டுத் தூக்கத்தை ஏமாற்றுகிறவனைச் சாலை ஒரு நாள் ஏமாற்றிவிடும். பாட்டுக் கேட்டே தீர வேண்டுமா? நாற்பது மைலுக்கு ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து கேட்கட்டும். ஓடுகிற வண்டியில் பாட்டின் பாதியைக் காற்று தின்றுவிடுகிறது. உட்கார்ந்து கேட்கிறவனுக்குத்தான் முழுப் பாட்டும் கிடைக்கும்.

போலீசாருக்கும் ஒரு வார்த்தை. சைலன்ஸரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவனைப் பிடிக்கிறீர்கள். நல்லது. 1989-ஆம் வருஷத்து மோட்டார் வாகன விதிகளில் பல குரல் ஹாரனும் கூடாது என்றுதான் இருக்கிறது. அதே கண்ணோட்டத்தில் இந்த ஒலிபெருக்கிகளையும் பாருங்கள். ஓட்டுகிறவனுக்கு அபராதம் போடுவதோடு நின்றுவிடாதீர்கள். எந்தக் கணக்கும் சொல்லாமல் 1000 வாட் என்று எழுதி விற்றவனின் கடைக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு வண்டி தேசம் முழுவதும் போயிற்று. அதைச் செய்தவர்கள் நாளெல்லாம் இரைச்சலில் நின்று, நாளுக்குக் கொஞ்சமாகத் தங்கள் காதுகளைக் கொடுத்துச் செய்தார்கள். அந்த வண்டியிலேயே ஏறி, அந்தத் தெருவிலேயே, அவர்கள் பகல் தூக்கத்தைக் கலைத்துக்கொண்டு போகாதே என்றுதான் கேட்கிறேன். ஏற்கெனவே இரைச்சல் என்றால், முதலில் குறைக்க வேண்டிய இடம் இதுதான்.